ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள்: ரஷ்யா, 1993 டிசம்பர் 12

1993 டிசம்பர் 12ஆம் தேதி இரவு, கிரெம்ளின் வளாகத்தில் ஒரு விருந்து நடந்துகொண்டிருந்தது. புதிய அரசியல் ஆண்டை வரவேற்பதாகச் சொல்லித் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டப்பட்ட அந்த விருந்துக்கு, அன்று முடிந்த நாடாளுமன்றத் தேர்தலில் சீர்திருத்தக் கட்சிகளே வெல்லும் என்ற நம்பிக்கையோடு அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் கலைஞர்களும் வந்திருந்தார்கள். பதினொரு நேர மண்டலங்களில் கிடக்கும் நாடு என்பதால், தூரக் கிழக்கின் முடிவுகள்தான் முதலில் வரும். வந்தன. விளாதிமிர் ஜிரினோவ்ஸ்கியின் தாராளவாத ஜனநாயகக் கட்சி முன்னிலையில் இருந்தது. அடுத்தடுத்த மாகாணங்களிலும் அதுவே. எழுத்தாளர் யூரி கர்யாகின் ஒலிவாங்கியைப் பிடித்து, ரஷ்யாவே உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற பொருளில் கத்தியதை நாடே பார்த்தது.

கட்சிப் பட்டியல்களுக்கு விழுந்த வாக்குகளில் ஜிரினோவ்ஸ்கியின் கட்சிக்கு 22.9 விழுக்காடு கிடைத்தது. சீர்திருத்தத் தரப்பின் தலைவர் யெகோர் கைடாரின் ‘ரஷ்யாவின் தேர்வு’ 15.5 விழுக்காட்டோடும் கம்யூனிஸ்டுகள் 12.4 விழுக்காட்டோடும் பின்தங்கினார்கள். வென்ற கட்சியின் பெயருக்கும் கொள்கைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இழந்த பேரரசைத் திரும்பப் பெறுவோம் என்றும், ரஷ்யப் படைவீரன் ஒருநாள் இந்தியப் பெருங்கடலில் தன் காலணியைக் கழுவுவான் என்றும் பேசியும் எழுதியும் வந்தவர் அதன் தலைவர். அந்தப் பெருங்கடலின் கரையில் வசிக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். வார்சாவிலும் கீவிலும் தாலினிலும் இருந்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. முதல் உலகப் போருக்குப் பின் தடுமாறி, கடைசியில் ஹிட்லரிடம் போய்ச் சேர்ந்த ஜெர்மானியக் குடியரசை நினைவூட்டும் ‘வைமர் ரஷ்யா’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அன்றிரவுக்குப் பிறகு தலையங்கம் தவறாமல் இடம்பெற்றது.

அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில், இன்னொரு தீர்ப்பும் பதிவானது. அதிபர் போரிஸ் யெல்ட்சின் முன்வைத்த புதிய அரசமைப்புச் சட்டத்துக்கு, வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் ஒப்புதல் தந்தார்கள். வாக்குப்பதிவு 55 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. முதல் தீர்ப்பைக் கண்டு அஞ்சியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதைக் கண்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த அச்சமும் அந்த நிம்மதியும் இடம் மாறி விழுந்தவை என்பதே என் கணிப்பு. பாசிசம் எந்த வாசல் வழியாக வரும் என்று எதிர்பார்த்துக் காவல் போட்டார்களோ, அந்த வாசலில் அதற்கு வர வலு இருக்கவில்லை.

பணம் கரைந்த ஆண்டு

வைமர் ஒப்பீடு வெறும் பத்திரிகைக்காரர் கற்பனை அல்ல. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, சுமார் 2.5 கோடி ரஷ்ய இனத்தவர் ஓரடிகூட நகராமலேயே வெளிநாட்டில் வசிப்பவர்கள் ஆனார்கள். 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் விலைகள் ஏறத்தாழ மூன்றரை மடங்காயின. ஆண்டு முடிவில் பணவீக்கம் 2,500 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. கார் வாங்க, மகளுக்குத் திருமணம் செய்ய, கடைசிக் காலத்துக்கு என்று அரசுச் சேமிப்பு வங்கியில் வாழ்நாள் முழுவதும் போட்டுவைத்த தொகை, கணக்குப் புத்தகத்தில் அதே எண்ணாகவே இருந்தது; அதற்கு வாங்கும் சக்திதான் இல்லாமல் போனது.

ஜனவரி இறுதியில் எங்கும் எவரும் விற்கலாம் என்று ஆணை வந்தது. மாஸ்கோவின் மையத் தெருக்களில், மெட்ரோ வாசல்களில், பனியில் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். இது வாங்குவதற்கான வரிசை அல்ல. ஒருவர் கையில் ஒரு ஜோடிக் காலணி, அடுத்தவர் கையில் ஒரு கெண்டி, அதற்கடுத்தவர் கையில் இரண்டு சிகரெட் பெட்டிகள். குஸ்-க்ருஸ்தால்னி ஊரின் கண்ணாடித் தொழிற்சாலையில் சம்பளத்துக்குப் பதிலாகக் கண்ணாடிக் கோப்பைகளையே கொடுத்தார்கள். தொழிலாளர்கள் அவற்றை ரயில் நிற்கும் இடங்களில் பயணிகளிடம் நீட்டினார்கள். நாட்டின் சொத்தில் ஒவ்வொரு குடிமகனின் பங்கு என்று சொல்லி 10,000 ரூபிள் முகமதிப்புள்ள சீட்டு ஒன்று வழங்கப்பட்டது. பலர் அதை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்கள். ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் 64 ஆண்டுகளை ஒட்டி இருந்தது, 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. போர் இல்லாத காலத்தில் ஒரு தொழில்மய நாடு இப்படிச் சரிந்ததற்கு வேறு உதாரணம் தேடுவது கடினம்.

தோற்ற பேரரசு, கரைந்த சேமிப்பு, எல்லைக்கு அப்பால் விடப்பட்ட இனத்தவர், அவமானப்பட்ட ராணுவம் என்று 1920களின் ஜெர்மனியில் இருந்தவை அனைத்தும் இங்கே இருந்தன. நாஜிக் கட்சி 1928இல் 2.6 விழுக்காடும், 1930இல் 18.3 விழுக்காடும், 1932 ஜூலையில் 37.3 விழுக்காடும் பெற்றது. 22.9 என்ற எண்ணைப் பார்த்தவர்கள் அதை இந்த வரிசையில் பொருத்திப் பார்த்ததில் வியப்பில்லை.

கறுப்புச் சீருடை

ஜிரினோவ்ஸ்கியைப் பாசிஸ்ட் என்று அழைப்பதில் ஆய்வாளர்களுக்குள் அன்றும் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. என் பார்வையில் அவர் முதலில் ஒரு மேடைக் கலைஞர். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக் கொள்கையை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். கைடாரின் ஆட்கள் தொலைக்காட்சியில் பொருளாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அவர் காசு கொடுத்து நேரம் வாங்கி வோட்கா விலையைப் பற்றியும் தெருவிலிருக்கும் பயத்தைப் பற்றியும் பேசினார். உண்மையான பாசிச இயக்கம் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது வேறொன்று.

அலெக்சாந்தர் பர்காஷோவ் மின்பணியாளராக வேலை பார்த்தவர், கராத்தே கற்றவர். ‘பாமியாத்’ என்ற யூத வெறுப்பு அமைப்பிலிருந்து பிரிந்து, 1990 அக்டோபரில் ‘ரஷ்ய தேசிய ஒற்றுமை’யைத் தொடங்கினார். கறுப்புச் சீருடை, தோளில் ஸ்வஸ்திகாவோடு பின்னிய எட்டுமுனை நட்சத்திரம், வலக்கையை உயர்த்தி வணக்கம். (கறுப்புச் சட்டை என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வரும் இயக்கத்துக்கு இது நேரெதிர்.) உறுப்பினர்கள் மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஆதரவாளர், உடன்செயல்படுபவர், அனைத்துக்கும் மேலே தோழர். தோழர் நிலையை அடைந்தவருக்கு இயக்கமே வாழ்க்கை. பயிற்சி, ஒழுங்கு, கீழ்ப்படிதல். வேலையற்ற இளைஞனுக்கும், படைப்பிரிவு கலைக்கப்பட்டுத் திரும்பிய படைவீரனுக்கும், அந்தக் காலத்தில் இவ்வளவையும் ஒருசேரக் கொடுத்த வேறு அமைப்பு எதுவும் கிடையாது. செஞ்சதுக்கத்தின் அருகே லெனின் அருங்காட்சியகத்தின் வாசலில், சிவப்புக் கொடிக்காரர்களோடு தோளோடு தோள் நின்று தேசியவாத இதழ்கள் விற்கப்பட்டன. கம்யூனிஸ்டுகளின் சிவப்பும் நாஜிகளின் பழுப்பும் கலந்த கூட்டம் என்று எதிராளிகள் கிண்டலாக வைத்த பெயர் சும்மா வந்ததல்ல.

1993 செப்டம்பர் 21 அன்று யெல்ட்சின் ஆணை எண் 1400 மூலம் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அப்போதைய அரசமைப்பின்படி அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. உறுப்பினர்கள் ‘வெள்ளை மாளிகை’ என்று அழைக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்தை விட்டு வெளியேற மறுத்தபோது, அவர்களைக் காக்க ஆயுதத்தோடு வந்து நின்றவர்களில் பர்காஷோவின் ஆட்களும் இருந்தார்கள். அக்டோபர் 3 அன்று கூட்டம் மேயர் அலுவலகக் கட்டடத்தைப் பிடித்தது. ஜெனரல் மகாஷோவின் தலைமையில் ஓஸ்தான்கினோ தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கியது. மறுநாள் காலை டாங்கிகள் வெள்ளை மாளிகையைச் சுட்டன. ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வழிப்போக்கர்களும் ஆவார்கள்.

இது பாசிச-கம்யூனிஸ்ட் கலகம் என்றார் யெல்ட்சின். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஸ்வஸ்திகா அணிந்தவர்களை எவரும் புனைந்து சொல்லவில்லை. ஆனால் சிறு எண்ணிக்கையில் இருந்த அவர்களின் பெயரை வைத்து, உள்ளே இருந்த எல்லோருக்கும் ஒரே முத்திரை குத்தப்பட்டது. சட்டம் மீறியது யார் என்ற கேள்வி அந்த முத்திரைக்கு அடியில் மறைந்துபோனது. பத்து வாரங்கள் கழித்து வாக்குக்கு வந்த அரசமைப்புச் சட்டம் இந்தப் புகையிலிருந்துதான் எழுதி முடிக்கப்பட்டது.

தெருவிலிருந்து ஏன் வரவில்லை

பர்காஷோவ் கைது செய்யப்பட்டார். 1994 பிப்ரவரியில் புதிய கீழவையான டூமா அறிவித்த பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அடுத்த ஐந்தாண்டுகளில் அவருடைய இயக்கம் பல மாகாணங்களுக்குப் பரவியது. மாஸ்கோவின் கிழக்கே டெர்லெட்ஸ்கி பூங்காவில் அதற்கு ஒரு தளம் இருந்தது. வோரோனெஷ் போன்ற நகரங்களில் அதன் ஆட்கள் தெருவில் ரோந்து சுற்றினார்கள், அதுவும் உள்ளூர்ப் போலீஸ் அறிந்தே. 1995 மார்ச்சில் யெல்ட்சின் பாசிசத்துக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தார். பாசிசம் என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்படி அறிவியல் கழகத்தைப் பணித்தது அந்த ஆணை. போரில் 2.7 கோடிப் பேரைப் பாசிசத்துக்குப் பலிகொடுத்த நாட்டில், அந்தச் சொல்லுக்கு அகராதி தேட வேண்டியிருந்தது.

இவ்வளவு இருந்தும் அந்த இயக்கம் ஆட்சியின் பக்கத்தில்கூட வரவில்லை. 1998 டிசம்பரில் மாஸ்கோவில் நடத்தவிருந்த மாநாட்டை மேயர் லுஷ்கோவ் தடை செய்தார். 1999 தேர்தலில் வேறு பெயரில் பதிவு செய்த பட்டியலும் வாக்குப்பதிவுக்கு முன்பே நீக்கப்பட்டது. 2000இல் இயக்கம் உள்ளிருந்தே உடைந்தது.

ஜனநாயகம் முதிர்ச்சியடைந்திருந்தது என்பது காரணமல்ல. முதல் காரணம் போரின் நினைவு. தாத்தாவின் பதக்கங்களை வீட்டு அலமாரியில் வைத்திருப்பவனிடம் ஸ்வஸ்திகாவைக் காட்டி, இது பழைய ஸ்லாவியச் சின்னம் என்று எவ்வளவு விளக்கினாலும் எடுபடாது. இரண்டாவது காரணம் கசப்பானது. வைமர் ஜெர்மனி சங்கங்களால் நிரம்பிய நாடு: பாடகர் குழு, துப்பாக்கிக் கழகம், முன்னாள் படைவீரர் சங்கம், விவசாயிகள் கூட்டமைப்பு. நாஜிகள் அவற்றுக்குள் புகுந்து ஊர் ஊராகப் பிடித்தார்கள். எழுபதாண்டுக் கட்சி ஆட்சிக்குப் பின் ரஷ்யாவில் புகுவதற்கு அப்படிப்பட்ட சங்கங்களே மிஞ்சவில்லை. ஜனநாயகக் கட்சிகள் வேர்விட முடியாமல் போன அதே மண்ணில் பாசிசக் கட்சியும் வேர்விட முடியவில்லை. 1993இல் பட்டியல் வாக்கில் 59 இடங்களைப் பெற்ற ஜிரினோவ்ஸ்கியின் கட்சி, 225 தனித் தொகுதிகளில் வென்றது ஐந்தே ஐந்து. தொலைக்காட்சியில் தலைவரின் முகம் இருந்தது. ஊரில் கட்சிக்கு ஆள் இல்லை. பிஸ்கோவ் மாகாணத்தில் 43 விழுக்காடு பெற்றார்கள். 1996இல் அங்கே ஆளுநர் பதவியையும் பிடித்தார்கள். அந்த ஆளுநரும் பிற்பாடு ஆளும் கட்சிப் பக்கம் சேர்ந்துவிட்டார்.

1998 கோடையில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் சம்பளம் வராத சுரங்கத் தொழிலாளர்கள் முதலில் ரயில் பாதைகளை மறித்தார்கள். பிறகு மாஸ்கோவுக்கு வந்து, அப்போது அரசு அலுவலகமாகிவிட்ட அதே வெள்ளை மாளிகைக்கு முன்னால், கூனல் பாலத்தில் உட்கார்ந்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் தட்டினார்கள். ஒருவர் தட்டினால் சத்தம்; நூற்றுக்கணக்கானோர் ஒரே தாளத்தில் தட்டினால் கட்டடத்துக்குள் வேலை ஓடாது. ஆகஸ்டில் ரூபிள் சரிந்து, வருட முடிவுக்குள் அதன் மதிப்பு மூன்றில் ஒன்றுக்கும் கீழே போனது. வைமர் கோட்பாட்டின்படி, பாசிசம் அறுவடை செய்ய இதைவிடப் பக்குவமான பருவம் கிடையாது. அந்த மனிதர்கள் கேட்டதோ சம்பளப் பாக்கியும் யெல்ட்சினின் பதவி விலகலும். அந்த நவம்பரில் யூதர்களைப் பகிரங்கமாகப் பழித்த, அப்போது டூமா உறுப்பினராகியிருந்த அதே மகாஷோவைக் கண்டிக்கும் தீர்மானத்தை நிறைவேற்ற மறுத்தது டூமாதான். வெறுப்பு தெருவைவிட அவையில் சொகுசாக இருந்தது.

இரண்டாவது தீர்ப்பு

ஜிரினோவ்ஸ்கி வென்ற அவைக்கு அதிகாரம் குறைவு. அன்றைய புதிய அரசமைப்பின்படி, பிரதமராக அதிபர் முன்மொழிபவரை டூமா மூன்று முறை நிராகரித்தால், கலைவது டூமா. அதிபர் ஆணைகளால் ஆளலாம். அவரைப் பதவி நீக்கும் வழி, இருந்தும் இல்லாதது போன்றது. ஒரு வெறியன் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றினாலும் நாட்டைக் கைப்பற்ற முடியாது என்று இதை வரவேற்றவர்கள் வாதாடினார்கள். வாதம் சரிதான். அதிபர் நாற்காலியில் யார் உட்காருவார் என்ற கேள்வியை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. யெல்ட்சினே என்றென்றைக்கும் இருப்பார் என்பது போல எழுதப்பட்ட சட்டம் அது. அதை ஆதரித்து வாக்களிக்குமாறு கேட்டவர்களில் ஜிரினோவ்ஸ்கியும் ஒருவர் என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. வலுவான ஒற்றை ஆள் ஆட்சி என்பதில் அவருக்கும் அதிபருக்கும் சண்டை இருக்கவில்லை; அந்த ஆள் யார் என்பதில்தான் இருந்தது.

முதல் சோதனை ஓராண்டிலேயே வந்தது. 1994 டிசம்பரில், தனிநாடாகப் பிரிய முயன்ற செச்சன்யாவுக்குள் படைகள் நுழைந்தன. அவையின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. அவசர நிலையும் அறிவிக்கப்படவில்லை. அதிபரின் ஆணைகளே போதுமானவையாக இருந்தன. கைடாரின் ஆட்கள் போரை எதிர்த்தார்கள். ஜிரினோவ்ஸ்கி ஆதரித்தார். 1995 ஜூலையில் அரசமைப்பு நீதிமன்றம் அதிபரின் நடவடிக்கையைப் பெருமளவுக்குச் செல்லும் என்று தீர்த்தது. 1996 அதிபர் தேர்தலில் ஜிரினோவ்ஸ்கிக்குக் கிடைத்தது 5.7 விழுக்காடு மட்டுமே. பர்காஷோவ் யெல்ட்சினை ஆதரிப்பதாக அறிவித்தார். பாசிச அபாயம் தோற்றது என்று எழுதப்பட்டது. வாக்குக் கணக்கில் தோற்றதுதான். அதன் சரக்குகளில் விலைபோகக்கூடியவற்றை அரசு ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்ததை அந்தக் கணக்கு காட்டவில்லை.

2000க்குப் பிறகான கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மொட்டைத்தலை இளைஞர் கும்பல்கள் மத்திய ஆசியத் தொழிலாளர்களையும் காகசஸ் வணிகர்களையும் வேட்டையாடின; 2008இல் மட்டும் 100க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இக்கும்பல்களுக்கு எதிராக நீதிமன்றங்களில் நிபுணராகச் சாட்சியம் சொன்ன இனவியலாளர் நிகோலாய் கிரென்கோ, 2004 ஜூனில் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே, கதவைத் துளைத்து வந்த குண்டுக்குப் பலியானார். அரசு இந்தக் கும்பல்களை ஒரு கையால் சிறையில் தள்ளியது. மறு கையால் தேசியவாதத்தைத் தன் பிடிக்குள் வைத்துப் பராமரித்தது. கட்டுக்குள் நிற்காதவர்களுக்கு இடமில்லை. 2005இல் மாஸ்கோ நகரவைத் தேர்தலில், குடிபெயர்ந்து வந்தவர்களைக் குப்பையோடு ஒப்பிட்ட விளம்பரத்துக்காக ‘ரோதினா’ என்ற தேசியவாதக் கட்சி நீக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தது ஜிரினோவ்ஸ்கியின் கட்சி. கேட்டால் சிரிப்பு வரும். அந்தக் கட்சிக்கு அப்போது ஒதுக்கப்பட்டிருந்த பாத்திரத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2002இல் தீவிரவாதத்துக்கு எதிரான சட்டம் வந்தபோது, பர்காஷோவ் வகையறாக்களை ஒடுக்கவே அது தேவை என்று சொல்லப்பட்டது. மனித உரிமைக்காரர்களில் சிலரும் ஒப்புக்கொண்டார்கள். அதே சட்டத்தின் கீழ் 2017இல் யெகோவாவின் சாட்சிகள் தடை செய்யப்பட்டார்கள். 2021 ஜூனில் எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னியின் அமைப்புகளும் தீவிரவாத அமைப்புகளாக அறிவிக்கப்பட்டன.

2014இல் கிழக்கு உக்ரைனின் தோன்பாஸில் ‘மக்கள் ஆளுநர்’ என்று தன்னை அறிவித்துக்கொண்ட பாவெல் குபாரெவ், இளமையில் பர்காஷோவின் இயக்கத்தில் இருந்தவர். பர்காஷோவ் ஆட்களின் தெருப்படையால் மாஸ்கோவில் ஒரு கட்டடத்தைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. எல்லைக்கு அப்பால் விடப்பட்ட ரஷ்யர்களை மீட்பது என்ற அவர்களுடைய பழைய பேச்சு, இப்போது அரசின் கொள்கையாக, அரசின் படைகளோடு வந்தது. இன்றைய ரஷ்ய ஆட்சியைப் பாசிசம் என்று அழைப்பதா என்பதில் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள்: அமெரிக்க வரலாற்றாளர் டிமோதி ஸ்நைடர் ஆம் என்கிறார், அரசியல் ஆய்வாளர் மார்லேன் லாருவேல் மறுக்கிறார். எனக்கு லாருவேல் பக்கம்தான் சாய்வு. இந்த ஆட்சி நெடுங்காலம் மக்களைத் திரட்டுவதைவிட வீட்டில் உட்கார வைப்பதையே விரும்பியது. பாசிசம் அப்படி இருக்காது. ஆனால் பெயரைப் பற்றிய இந்த வழக்கில் யார் வென்றாலும், அதிகாரம் குவிந்த வழி மாறப்போவதில்லை.

2021 டிசம்பர் 27 அன்று டூமாவில் பேசிய ஜிரினோவ்ஸ்கி, 2022 அமைதியான ஆண்டாக இருக்காது என்றும், பிப்ரவரி 22ஆம் தேதி அதிகாலை நான்கு மணிக்கு நம் புதிய கொள்கையை உணர்வீர்கள் என்றும் சொன்னார். உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கியது 24ஆம் தேதி; இரண்டு நாள் பிசகியது. ஏப்ரல் 6 அன்று அவர் இறந்தார். லெனினுக்கும் ஸ்டாலினுக்கும் இறுதி மரியாதை நடந்த தூண் மண்டபத்தில் அவருடைய உடலும் வைக்கப்பட்டது. விளாதிமிர் புதின் சிவப்பு ரோஜாக்களோடு வந்து, சவப்பெட்டியின் அருகே சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.